அத்தான் ஸ்பிரிங் மாற்றிய கதை

என் அக்காவின் கணவர் லிப்ட் இன்ஸ்பெக்டர். அடுக்குமாடிக் கட்டடங்களுக்குப் போய், லிப்ட் தளத்துக்குச் சமமாக நிற்கிறதா, கதவு ஆளை நசுக்காமல் மூடுகிறதா, மேலே இழுக்கும் கம்பிவடம் நைந்திருக்கிறதா என்று பார்த்துச் சான்றிதழ் தருவது அவர் தொழில். காலையிலிருந்து மாலை வரை மேலே போவார், கீழே வருவார். அந்த வேலையில் வளைவு என்பதே கிடையாது. அதனாலோ என்னவோ, வேலை முடிந்து தன் சின்னக் காரில் ஏறியதும் ஒரு வளைவைக் கண்டால் மனிதருக்கு ஆவேசம் வந்துவிடும். நேர்ச் சாலையில் பெட்டிப் பாம்பாக அடங்கிப் போகிறவர், திருப்பம் தெரிந்ததும் முதுகை நிமிர்த்தி, ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்து, பிரேக் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிடுவார்.

அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். குடிக்க மாட்டார். பொய் சொல்ல மாட்டார். அக்கா சமைத்ததைக் குறை சொல்ல மாட்டார். தன் பக்கம் தப்பு இருக்கலாம் என்று நினைக்கவும் மாட்டார். முதல் மூன்றுக்காக நாலாவதைப் பொறுத்துக்கொண்டு அக்கா குடும்பம் நடத்திவந்தாள்.

அக்காவுக்குக் கேக் செய்வது தொழில். சாப்பாட்டு அறையைப் பாதியாகத் தடுத்து, அந்தப் பாதியில் ஓவனும் பிரிட்ஜும் போட்டு, அடுக்கடுக்காக உயர்ந்து நிற்கும் கேக்குகளைச் செய்வாள். செய்வது பாதி வேலைதான். அதை நிமிர்ந்தபடியே கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் மீதிப் பாதி. காரின் பின் சீட்டில் ஒரு பலகையை வைத்து, சீட்டின் பள்ளத்துக்கு ஏற்பத் துணியைச் செருகி மட்டம் பார்த்து, மேலே வழுக்காத ரப்பர் விரிப்பைப் போட்டு, அதன்மேல் கேக் பெட்டியை ஏற்றுவோம். ஒரு பக்கம் அக்கா, மறு பக்கம் நான். பெட்டிக்குத்தான் இடம் தாராளம். நாங்கள் இருவரும் கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டு, ஆளுக்கொரு கையால் அதைத் தாங்கிக்கொண்டு வருவோம். முன் சீட்டில் அக்காவின் க்ரீம் பைகள், கத்திகள், ஒட்டுப்போடும் சாமான்கள். ஓட்டுவது எப்போதும் அத்தான். அக்காவுக்கும் லைசென்ஸ் உண்டு, அத்தானுக்கு முன்பே வாங்கியவள். ஆனால், "இந்த வண்டி என் காலுக்குப் பழகிடுச்சு" என்று சொல்லி அவர் சாவியைக் கொடுத்ததே இல்லை.

ஒரு நாள், பிறந்தநாள் வீடு ஒன்றுக்குக் கொண்டுபோன கேக், ரவுண்டானாவைச் சுற்றும்போது என் பக்கமாகச் சாய்ந்து பெட்டியில் கன்னத்தை வைத்துக்கொண்டது. அந்த வீட்டு வாசலில் காரை நிறுத்தி, கதவைத் திறந்துவைத்து, அக்கா க்ரீமை அப்பி அதைச் சரிசெய்தாள். அத்தான் கீழே இறங்கி, காரின் சக்கரங்களைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"வண்டி ரொம்ப சாயுது," என்றார்.

"நீங்க அந்த வேகத்துல திருப்பினா சாயாம என்ன செய்யும்?" என்றாள் அக்கா, கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இல்லம்மா. இது சஸ்பென்ஷன் பிரச்சினை. சக்கரத்துக்கு மேல இருக்கற ஸ்பிரிங்கெல்லாம் சரியில்ல."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். என் அத்தான் ஒரு படி மேலே போய், கூடத்தை இடித்துக் கட்டவே கிளம்பிவிட்டார்.

அதே சமயத்தில்தான் அக்காவுக்கு அந்த வாய்ப்பு வந்தது. ஊரின் பெரிய ஓட்டல் ஒன்றில் விருந்துகளைக் கவனிக்கும் மேலாளர் அம்மாள், யார் வீட்டிலோ அக்காவின் கேக்கைச் சாப்பிட்டுவிட்டு ஃபோன் செய்தார். அதுவரை அவர்களுக்குக் கேக் கொடுத்துவந்தவர், கொண்டுவருவதற்குள் பாதியைக் கோணலாக்கிவிடுகிறாராம். மூன்று அடுக்கில் மாதிரிக்கு ஒன்று செய்து கொண்டுவரச் சொன்னார். அது உடையாமல் வந்து சேர்ந்தால் வாராவாரம் ஆர்டர். கிடைத்தால், தெருமுனையில் பூட்டிக் கிடக்கும் சின்னக் கடையை எடுத்து, பெயர்ப்பலகை மாட்டி, சாப்பாட்டு அறையைச் சாப்பாட்டுக்கே விட்டுவிடலாம் என்று அக்கா கணக்குப் போட்டாள். வெகு நாளாக அவள் வேறெதற்கும் இப்படி ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

அத்தானுக்குச் சாக்குக் கிடைத்துவிட்டது. "எல்லாம் உன் கேக்குக்காகத்தான்" என்று ஆரம்பித்தார். இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டால்தான் எனக்கு ரத்தம் கொதிக்கும்.

ஃபோனில் கார்ப் பைத்தியங்களின் குழு ஒன்றில் அவர் சேர்ந்திருந்தார். சின்னக் கார் வளைவில் சாயாமல் போக என்ன மாற்றலாம் என்று அங்கே ஒரு கேள்வியைப் போட்டார். அவ்வளவுதான், பாகப்பிரிவினையில் அண்ணன் தம்பிகள் அடித்துக்கொள்வதைப் போல அடித்துக்கொண்டார்கள். முதலில் ஸ்பிரிங் என்றார் ஒருவர். ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி, அதன் துள்ளலை அடக்குகிற ஷாக் அப்சார்பரை விட்டால் வண்டி தவளையாகக் குதிக்கும் என்றார் இன்னொருவர். இரண்டும் வேண்டாம், இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இணைக்கிற குறுக்குக் கம்பியைத் தடிமனாகப் போட்டாலே சாய்வு போய்விடும் என்றார் மூன்றாவது ஆள். நல்ல டயரை வாங்கிப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு ஓட்டுங்கள் என்று ஒரு புண்ணியவான் எழுதினார். அவரைக் குழுவிலிருந்தே நீக்கிவிட்டார்கள்.

அத்தான் சாப்பாட்டு மேசையை வகுப்பறை ஆக்கினார். ஒரு நாள், கடையிலிருந்து பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கிவந்த ஸ்பிரிங்கை, அக்கா ஆறவைத்திருந்த கேக்குகளுக்கு நடுவே கொண்டுவந்து வைத்தார்.

"இது நம்ம வண்டியில இருக்கறதை விடக் குட்டை, ஆனா கெட்டி. வண்டி தாழ்ந்து உட்காரும். சாயவே சாயாது."

"இதைப் போட்டா குலுங்காதா?" என்றாள் அக்கா.

"குலுங்கறது வேற, சாயறது வேற."

"கேக்குக்கு ரெண்டும் ஒண்ணுதாங்க."

"நீ டெக்னிக்கலா யோசிக்க மாட்டேங்கற," என்றார் அத்தான், மிகவும் பொறுமையாக. ஆறடி மனிதர், ஒரு ஸ்பிரிங்கைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு, கேக் செய்கிறவளுக்குக் கேக்கைப் பற்றிப் பாடம் எடுத்தார்.

மெக்கானிக்கிடம் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மெக்கானிக் காருக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். "ஷாக் நாலும் செத்துப்போச்சு சார். எண்ணெய் ஒழுகுது. இதே கம்பெனி ஷாக்கைப் புதுசாப் போட்டாலே..." என்று ஆரம்பித்தவர், அத்தானின் முகம் வாடுவதைக் கவனித்துவிட்டார். பிழைக்கத் தெரிந்த மனிதர். "...போட்டாலே சாதாரண ஆளுங்களுக்குப் போதும். சார் சாதாரண ஆளா?" என்று முடித்தார்.

அத்தான் நெஞ்சை நிமிர்த்தினார். குட்டை ஸ்பிரிங், கெட்டியான ஷாக், தடித்த குறுக்குக் கம்பி, ரப்பர் இருந்த இடத்திலெல்லாம் அதைவிடக் கடினமான ஏதோ ஒன்று என்று எல்லாவற்றையும் போடச் சொன்னார். எதைத் தேர்ந்தெடுப்பது என்று வாரக்கணக்கில் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டவர், கடைசியில் ஒன்றையுமே தள்ளவில்லை.

வெளியே வந்தபோது கார், வெட்கப்பட்டுக் குனிந்ததைப் போலத் தாழ்ந்து நின்றது. அத்தான் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு நேராக ரவுண்டானாவுக்குத்தான் போனார். எனக்குத் தலை சுற்றும்வரை அதைச் சுற்றினார். உள்ளதைச் சொல்ல வேண்டும், கார் சாயவில்லை. லிப்டின் தரையைப் போல மட்டமாகத்தான் திரும்பியது. திரும்பி வரும் வழியில் பாலத்தின் இணைப்பில் ஏறியபோதுதான் என் பல்லோடு பல் மோதியது.

"குலுங்குது அத்தான்."

"அது குலுக்கல் இல்ல. ரோடு நம்மகிட்ட பேசுது."

"பேசட்டும். அதுக்காக இடுப்புலயா பேசணும்?"

கண்ணாடியில் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் சொன்னேன். மாதிரிக் கேக்கை வாடகை வண்டியில் கொண்டுபோகலாம் என்று அவளும் சொல்லிப் பார்த்தாள். அத்தான் சண்டை போடவில்லை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, "அப்ப நான் யாருக்காக இவ்வளவும் செஞ்சேன்?" என்று தெருவைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். சண்டையாக இருந்தால் அக்கா ஜெயித்திருப்பாள். "இந்த மனுஷன் இப்படி உட்கார்ந்திருந்தா எனக்குக் கை ஓடாதுடி. அவர் வண்டியிலயே போயிடலாம்" என்றாள் என்னிடம்.

ஓட்டலுக்கான மாதிரிக் கேக் வெள்ளை வெளேரென்று மூன்று அடுக்காக நின்றது. உச்சியில் க்ரீமிலேயே செய்த பூக்கள், ஓரத்தில் நூல் பிடித்ததைப் போன்ற வரிசை. அக்கா பொழுது விடிவதற்கு முன்பே எழுந்து செய்தது. பலகையில் ஏற்றி, இரண்டு முறை மட்டம் பார்த்த பிறகுதான் கதவை மூடினாள்.

வளைவுகளில் கேக் அசையவில்லை. ரவுண்டானாவில் சிப்பாயைப் போல விறைப்பாக நின்றது. "பார்த்தியா?" என்றார் அத்தான். அடுத்த வளைவில் முன்னைவிட வேகமாகத் திருப்பி, மறுபடியும் "பார்த்தியா?" என்றார். கார் சாயாததால் அவருக்கு இப்போது இன்னும் துணிச்சல். எனக்கே, ஐயோ, இந்த மனிதர் சொன்னது சரிதானோ என்று ஒரு பயம் வந்துவிட்டது.

வளைவெல்லாம் முடிந்து, ஓட்டலுக்குப் போகிற நேர்ச் சாலை வந்தது. கேபிள் பதிக்க நீளத்துக்குத் தோண்டி, ஜல்லியைக் கொட்டி மூடியிருந்தார்கள். கார் அதில் இறங்கியதும் ரோடு பேச ஆரம்பித்தது. பேச்சா அது, ஏச்சு. கேக் முழுவதும் காய்ச்சல் கண்டதைப் போல நடுங்கியது. ஒரு பூ உதிர்ந்தது. மேல் அடுக்கு கொஞ்சம் கொஞ்சமாக அக்காவின் பக்கம் நகர்ந்தது. நடு அடுக்கில் மயிரிழையாக ஒரு கீறல் விழுந்தது.

"நிறுத்துங்க," என்றாள் அக்கா.

"இதோ வந்துடுச்சு, இன்னும் கொஞ்ச தூரம்தான்."

"வண்டியை நிறுத்துங்க."

அந்தக் குரலை அத்தான் அதற்குமுன் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. கார் நின்றது.

ஓட்டல் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில்தான் இருந்தது. பலகையோடு கேக்கை இறக்கி, ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு நடந்தோம். கை கழன்றுவிடும்போல இருந்தது. பின்னால் அத்தான், ஓரத்து விளக்குகள் மின்னி மின்னி அணைய, எங்கள் நடைவேகத்துக்கு ஊர்ந்து வந்தார். ஓட்டல் வாசலில் ஒரு வேகத்தடை. தாழ்ந்து கிடந்த கார் அதன்மேல் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு ஏறியபோது எழுந்த சத்தத்தில் காவலாளிகள் இருவர் ஓடி வந்தார்கள்.

மேலாளர் அம்மாள் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். உள்ளே மேசையில் வைத்ததும் அக்கா மேல் அடுக்கைத் தள்ளி நிறுத்தி, கீறலின்மேல் கத்தியால் ஒரே இழுப்பில் க்ரீமைப் பூசினாள். அத்தான் க்ரீம் பைகளை ஏந்திக்கொண்டு ஓரமாக நின்றார். மேலாளர் கேக்கைச் சுற்றி வந்து பார்த்தார். கீழ் அடுக்கிலிருந்து ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டார்.

"கேக் எனக்குப் பிடிச்சிருக்கு," என்றார். "ஆனா வாராவாரம் நடந்தேவா வருவீங்க? ஏம்மா, உங்க டிரைவர் கொஞ்சம் மெதுவா ஓட்ட மாட்டாரா?"

அம்மாளைக் குற்றம் சொல்ல முடியாது. பின் சீட்டிலிருந்து இரண்டு பெண்கள் இறங்குவதைத் தூரத்திலிருந்து பார்த்தவர், முன்னால் தனியாக இருந்தவரை வேறு யாரென்று நினைப்பார்? அத்தான் சாய்வைப் பற்றி விளக்கம் சொல்ல வாயைத் திறந்தார்.

"சொல்லிச் சொல்லிப் பார்த்தாச்சுங்க," என்றாள் அக்கா. "அதனால ஆளை மாத்திட்டேன். இனிமே நானே ஓட்டறேன்."

"அப்ப சரி. வெள்ளிக்கிழமை ஒரு விருந்து இருக்கு. இதே மாதிரி கொண்டு வாங்க," என்றார் மேலாளர்.

எனக்கு அக்காவைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. அத்தானின் முகத்தைப் பார்த்தபோது ஒரு நொடி பாவமாகவும் இருந்தது. ஒரே ஒரு நொடிதான்.

வெளியே வந்து, காலிப் பலகையைப் பின் சீட்டில் வைத்துவிட்டு அக்கா கையை நீட்டினாள். அத்தான் சாவியைக் கொடுத்தார். முன் கதவைத் திறக்கப் போனவரை, "அங்க என் சாமான் இருக்கு, பின்னாடி ஏறுங்க" என்றாள். அவர் ஏறி, முழங்காலை மடக்கி, காலிப் பலகைக்கு அந்தப் பக்கம் கதவோடு ஒட்டி உட்கார்ந்தார். அந்தக் காரை வாங்கிய நாளிலிருந்து அவர் பின் சீட்டில் உட்கார்ந்ததே இல்லை. அதே ஜல்லிச் சாலையில் அக்கா காரை இறக்கினாள். அத்தானின் தலை கூரையில் இடித்தது. கைப்பிடியைப் பற்றினார். மறுபடியும் இடித்தது. கொஞ்ச தூரம் போனதும், முன்னால் இருப்பவளுக்குக் கேட்காத குரலில் என்னைக் கேட்டார்.

"பின்னாடி எப்பவுமே இப்படித்தான் இருக்குமா?"

"இல்ல அத்தான்," என்றேன். "இன்னைக்கு அக்கா மெதுவா ஓட்டறா."