குலேந்திரன் அண்ணையும் சீனத்து ஆறுமணிக்குருவியும்

ஒஷாவாவில் வேலை முடிந்து 401 நெடுஞ்சாலையில் ஊர்ந்துகொண்டிருந்தபோதுதான் கார்த்திக்கின் குரல்பதிவு வந்தது. "மேடம், குலேந்திரன் சார் போயிட்டாரு. குரூப்ல போட்டிருக்கேன், பாருங்க." கார்த்திக் கோயம்புத்தூர்க்காரர், கணினி வேலை பார்ப்பவர், எங்கள் பறவை வட்டத்தின் செயலாளர். அழுதிருக்கிறார் என்பது குரலில் தெரிந்தது. நான் அழவில்லை. முன்னால் நின்ற லொறி நகர்ந்தது. நானும் நகர்ந்தேன்.

ஸ்காபரோவுக்கு வந்து சேர்ந்து பார்த்தால் வட்டத்தின் தொலைபேசிக் குழு முழுக்கக் கும்பிட்ட கைகள். "இயற்கையின் காவலன்", "பறவைகளின் தந்தை", "எறும்புக்கும் தீங்கு நினையாதவர்." ஒருவர் எழுதியதை அடுத்தவர் அப்படியே எடுத்து ஒட்டியிருந்தார். எழுத்துப்பிழையும் கூடவே வந்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் படம்: அலகு நிறைய மண்புழுக்களோடு கூட்டு வாசலில் நிற்கும் ஒரு குருவி, உள்ளே திறந்த வாய்கள். நினைவு மலருக்கும் அதுதான் அட்டையாம். அந்தப் படம் எடுத்த சீனப் பயணத்தில் அவரோடு போனவர்கள் கார்த்திக்கும் நானும் மட்டுமே என்பதால் என்னையும் எழுதச் சொன்னார்கள். நீங்கள் எல்லோரும் அவரை அறிந்தவர்கள். அதனால் உங்களுக்கே எழுதுகிறேன். அச்சிடுவதும் விடுவதும் உங்கள் பாடு.

மார்க்கம் வீதியில் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் எல்லோரும் அவர் முகத்தில் முதுகைச் சாய்த்திருப்பார்கள். வீடு விற்றுக்கொடுக்கும் முகவர். தரிப்பிட வாங்குகளின் விளம்பரத்தில் அவருடைய சிரிப்பு, நீலக் கழுத்து ரை, கட்டிய கைகள். பறவை வட்டத்தை அவர் தொடங்கியது குருவிகள் மேல் கொண்ட அன்பினால் என்று மேடைகளில் சொல்வார். ரூஜ் பள்ளத்தாக்கில் அவரோடு நடந்தவர்களுக்கு வேறு விஷயமும் தெரியும்: நடை முடிந்து கோப்பி குடிக்கும் இடத்தில் கட்டாயம் அவருடைய விசிற்றிங் கார்ட் வரும். ஆண் வாத்துக்குப் பச்சைத் தலை, பெண் வாத்து மண்ணிறம். அது பெண் என்பது தெரியாமல், வேறு இனம் என்று நெடுங்காலம் எங்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் நான் திருத்தினேன். "ஓம், ஓம், அதைத்தான் நானும் சொன்னனான்" என்றார். அவர் எதையும் எப்போதும் ஏற்கெனவே சொல்லியிருப்பார்.

ஒரு மாரியில் ஒஷாவாவுக்கு வடக்கே, பனி மூடிய சோள வயல்களுக்கு எங்களைக் கூட்டிப்போனார். தூரத்தில் வேலிக்கட்டையில் ஒரு வெள்ளை ஆந்தை. வடதுருவத்திலிருந்து வந்து, களைத்து, கண்ணை மூடி இருந்தது. நாங்கள் வீதியோரம் நின்று பார்த்தோம். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. குலேந்திரன் காரின் பின்பக்கத்தைத் திறந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்தார். செல்லப்பிராணிக் கடையில் வாங்கிய வெள்ளை எலி. அதைப் பனியில் எறிந்துவிட்டுக் கமராவோடு படுத்துக்கொண்டார். ஆந்தை இறக்கையை விரித்து நேரே அவரை நோக்கிப் பறந்து வந்தது. கைதட்டினார்கள். நீங்களும் தட்டினீர்கள். "பறவை எங்கையும் போகாது, லைற்றுத்தான் போகும்" என்று அன்றைக்கும் சொன்னார். அவருடைய பொன்மொழி அது. படத்துக்கு வெளிச்சம்தான் முக்கியம், பறவை எப்படியும் வரும், வராவிட்டால் வரப்பண்ணலாம் என்பது பொருள்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் அவரோடு சீனாவுக்குப் போனாய் என்று கேட்பீர்கள். எங்கள் ஊரில் காலையும் மாலையும் ஆறு மணிக்குக் கூவும் ஆறுமணிக்குருவிக்கு அங்கே ஓர் உறவு இருக்கிறது. மேலே பச்சை, தோளில் மின்னும் நீலம், வயிற்றில் குங்குமச் சிவப்பு. அதைப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பாஷை தெரியாத நாட்டின் மலைக்கிராமங்களில் தனியாக அலைய எனக்குத் துணிவில்லை. அவர் பயணம் ஒழுங்குசெய்தார், நான் சேர்ந்துகொண்டேன்.

ஹெனான் மாகாணத்தின் தெற்கே, மலையடிவாரம். புதிதாக நட்ட நெல்வயல்கள், அவற்றுக்கு மேலே படிப்படியாகத் தேயிலை, அதற்கும் மேலே காடு. ஊர்களில் பாதிக் கதவுகளுக்குப் பூட்டு. இளம் ஆட்கள் நகரங்களுக்குப் போய்விட்டார்கள். வயதானவர்கள் அறுத்த கடுகுச் செடிகளை வீதியில் பரப்பி, எங்கள் வான் வண்டி அதன்மேல் ஏறிப்போக விட்டு, பிறகு மணியைக் கூட்டி அள்ளினார்கள். வென் என்ற வழிகாட்டி வான் ஓட்டினான். போகும் வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே நான் பார்த்துக்கொண்டு போனேன். குலேந்திரன் தன் தொலைபேசியில் வீட்டு விலைகள் பார்த்துக்கொண்டு வந்தார். "இந்தக் காணியளை ஒருத்தரும் வாங்கேலாதாம், எல்லாம் அரசாங்கத்தின்ரையாம். என்ன நாடு இது!" என்றார். சீனக் கிராமத்தைப் பற்றி அவர் கொண்ட ஒரே கருத்து அதுதான்.

கூட்டைக் கண்டுபிடித்தவன் வென். தேயிலைத் தோட்டம் முடிந்து காடு தொடங்குமிடத்தில், பாறை இடுக்கில், பாசியும் சுள்ளியும் கொண்டு கட்டிய உருண்டைக் கூடு. பக்கவாட்டில் வாசல். வாசலுக்கு முன்னால் பன்னச்செடியும் ஒரு தாழ்ந்த கிளையும் திரைபோலத் தொங்கின. குருவி அலகு நிறையப் புழுவோடு வந்தது. கல்லில் நின்றது. தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு இலைகளுக்குள்ளே புகுந்தது. தூரத்தில் நின்று பார்க்கலாம், கிட்டப் போகக் கூடாது என்று வென் சொன்னான். சொல்லிவிட்டுச் சிகரெட் பற்றவைக்கக் கீழே இறங்கிவிட்டான். அவனுக்கும் எங்களிடமிருந்து இணையத்தில் ஐந்து நட்சத்திர மதிப்பீடு வேண்டியிருந்தது.

குலேந்திரன் பையைத் திறந்து ஒரு கத்திரியை எடுத்தார். ரோசாச் செடி கத்தரிக்கும் கத்திரி. ஸ்காபரோவிலிருந்தே கொண்டுவந்திருக்கிறார். அப்போதுதான் எனக்கு விளங்கியது, இது அந்த நேரத்து ஆசையில் செய்த காரியமல்ல.

"அண்ணை, என்ன செய்யிறியள்?"

"வாசலை மறைக்குது. நாலு இலை, வேறை ஒண்டுமில்லை."

"வெட்டாதையுங்கோ. அது மறைக்கத்தான் அங்கை கட்டியிருக்கு."

"உதுக்குப்போய்ச் சத்தம் போடுறீரே. குருவி பயந்திடும். கார்த்திக், அந்தக் கிளையைப் பிடியும்."

கார்த்திக் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், கிளையைப் பிடித்தார். பன்னம் முழுவதும் விழுந்தது. கிளையும் விழுந்தது. வாசல் பட்டப்பகலில் திறந்து கிடந்தது, கடை திறந்தது போல. நான் கத்திரியைப் பறிக்கப் போனேன். குலேந்திரன் முழங்கையால் தடுத்து, "சுகிர்தா, நீர் கீழை போய் நில்லும்" என்றார், பிள்ளைக்குச் சொல்வதுபோல. நான் போகவில்லை. அன்று மாலை வரை அவர் படம் எடுத்ததை நின்று பார்த்தேன். போகும்போது விழுந்த கிளையை வாசலுக்கு முன்னால் சாத்தி வைத்தேன். ஆனால் வெட்டிய கிளையில் இலை எவ்வளவு நேரம் நிற்கும்?

மறுநாள் காலை நான் கேட்டதால்தான் வென் மீண்டும் அங்கே கூட்டிப்போனான். இலைகள் சுருண்டு, வாசல் வெறுமையாகத் தெரிந்தது. கூட்டின் கூரை பிய்ந்திருந்தது. மேலே மரத்தில் நீண்ட நீல வாலும் சிவந்த அலகும் கொண்ட காக்கை இனப் பறவைகள் மூன்று நான்கு சத்தமிட்டுக்கொண்டிருந்தன. உள்ளே ஒரு குஞ்சும் இல்லை. கீழே கல்லில் அந்தக் குருவி நின்றது. அலகு நிறையப் புழு. தலையைச் சாய்த்தது. வாசலுக்குப் போனது, திரும்பிக் கல்லுக்கு வந்தது, மறுபடி போனது. புழுவை விழுங்கவும் இல்லை, போடவும் இல்லை.

"பாருங்கோ அண்ணை" என்றேன்.

அவர் பார்த்தார். பிறகு கமராவின் திரையைத் தட்டி முதல்நாள் படங்களை ஒருமுறை சரிபார்த்துக்கொண்டார். "நல்ல காலம், நேற்றே எடுத்திட்டம்" என்றார்.

"மேடம், விடுங்க. இயற்கைல இதெல்லாம் சகஜம்" என்றார் கார்த்திக். அவருடைய கண் கலங்கியிருந்தது. கலங்கிய கண்ணோடு அதைச் சொன்னார். அதற்குப் பிறகு பயணம் முடியும்வரை நான் இருவரோடும் கதைக்கவில்லை.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஸ்காபரோ மண்டபத்தில் கண்காட்சி. ஆளுயரத்துக்குப் பெருப்பித்த அந்தப் படம், அதற்குக் கீழே "தாய்மை" என்று தங்க எழுத்து. அந்த இனத்தில் ஆணும் பெண்ணும் ஒரே நிறம், இரண்டுமே இரை கொண்டுவரும். படத்தில் நிற்பது தகப்பனாகவும் இருக்கலாம். குலேந்திரனுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் "தந்தைமை" என்று போட்டால் யார் கைதட்டுவார்கள்? சால்வை போர்த்தினீர்கள். அன்ரிமார் அந்தப் படத்துக்கு முன்னால் நின்று கண்ணைத் துடைத்தார்கள். கேள்வி நேரம் வந்தபோது நான் எழும்பினேன்.

"அந்தக் குஞ்சுகளுக்குப் பிறகு என்ன நடந்தது அண்ணை?"

மைக்கைப் பிடித்தபடி என்னை நேராகப் பார்த்தார். கண் இமைக்கவில்லை. "பறந்து போட்டுதுகள், தங்கச்சி. எல்லாம் பறந்து போட்டுதுகள்."

மண்டபம் கைதட்டியது. முன்வரிசையில் கார்த்திக் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வெளியே வந்து காரில் ஏறினேன். அதன் பிறகு உங்கள் வட்டத்துக்கு நான் வரவில்லை. ஏன் வருவதில்லை என்று உங்களில் ஒருவரும் கேட்கவில்லை. அவர் ஏதாவது காரணம் சொல்லியிருப்பார். நல்ல காரணமாகத்தான் இருந்திருக்கும். பொய் சொல்வதில் அவர் கஞ்சத்தனம் காட்டியதில்லை.

இந்தக் கோடையில் அவருடைய மனைவி தொலைபேசி எடுத்தார். "உம்மை ஒருக்கா வரச் சொல்லுறார், பிள்ளை." ஆஸ்பத்திரியில் அவர் பாதியாகிக் கிடந்தார். மனைவி தண்ணீர் எடுக்கப் போனதும், "இன்னும் கோவமோ?" என்றார்.

"ஓம்."

"அவ்வளவு சனத்துக்கு முன்னாலை நான் வேறை என்ன சொல்லுறது?"

"நடந்ததை."

சிரிக்கப் போய் இருமினார். "நடந்ததைச் சொன்னால் பிறகு ஆர் என்னை அண்ணை எண்டு கூப்பிடுவினம்?"

இவ்வளவு காலத்தில் அவர் என்னிடம் சொன்ன ஒரே உண்மை அதுதான் என்று நினைக்கிறேன். அதைக் கேட்டு எனக்கு இரக்கம் வந்தது என்று எழுதினால் இந்தக் கட்டுரை அழகாக இருக்கும். வரவில்லை. ஒரு சொல்லுக்காக, அதுவும் கோப்பிக் கடையில் யாரும் யாரையும் கூப்பிடும் ஒரு சொல்லுக்காக, ஒரு கூட்டைத் திறந்து வைத்த மனிதர் என்றுதான் தோன்றியது.

"நான் போனாப்பிறகு நீர் எழுதும்" என்றார். "உம்மடை தமிழ் நல்லது. மற்றவை வாழ்த்துமடல் மாதிரி எழுதுவினம்."

"நான் என்ன எழுதுவன் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும். எண்டாலும் எழுதும். சின்னனா எழுதிப்போடாதையும்."

சாகும்போதும் தன்னைப் பற்றிய பக்கம் நீளமாக இருக்க வேண்டும் என்பதில்தான் அவருக்குக் கவலை. எழுதிவிட்டேன் அண்ணை. சின்னதாக எழுதவில்லை. கார்த்திக் நேற்றுத் தொலைபேசி எடுத்து, "மேடம், அந்தக் கூடு மேட்டர் மட்டும் வேணாமே" என்றார். கிளையைப் பிடித்தவர் அவர். அவர் கேட்கத்தான் செய்வார். அதை நீக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் நினைவு மலரில் எழுதுகிறவர், போனவரிடமிருந்து தான் எதை வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லித்தான் முடிக்க வேண்டும். எனக்கும் ஒன்று இருக்கிறது. இதுவரை ஒருவருக்கும் சொல்லாதது.

சீனாவில் கடைசி நாள். ரயில் நிலையத்துக்குப் போகும் வழி. மழை விட்டிருந்தது. குலேந்திரன் சலம் கழிக்க வேண்டும் என்று வானை நிறுத்தச் சொல்லி, வயல் வரம்பில் இறங்கி, ஒரு மரத்துக்கு அப்பால் போனார். நேரமாகியும் ஆளைக் காணவில்லை. ரயிலுக்குப் பிந்திவிடும் என்று வென் முணுமுணுத்தான். விழுந்து கிடக்கிறாரோ என்று நான் இறங்கிப் போனேன்.

அவர் வரம்பில் குந்தியிருந்தார். ஒரு கை சேற்றில் ஊன்றியிருந்தது. முன்னால், ஒரு கிழவரும் கிழவியும் நாற்று நட்டுக்கொண்டிருந்த வயலில், அவர்களுக்குப் பின்னாலேயே அரிவாள்மூக்கன்கள் நடந்து வந்தன. சிவந்த முகம், வளைந்த அலகு. உலகத்தில் இல்லாமலே போய்விடும் என்று ஒரு காலத்தில் நினைத்த பறவை. கிழவரும் கிழவியும் அவற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஒன்று இறக்கையை விரித்தது. உட்புறம், பிளந்த கொய்யாப்பழத்தின் நிறம். குலேந்திரனின் வாய் திறந்திருந்தது. யாருக்கும் காட்டுவதற்கான முகம் அல்ல அது. அந்த முகத்தை நான் முன்பு கண்டதில்லை. என் காலடி கேட்டுக் கையை மட்டும் மெதுவாக உயர்த்தினார்.

"சுகிர்தா, அசையாதையும்" என்று கிசுகிசுத்தார். "அதுகள் சாப்பிடட்டும்."

நான் அசையவில்லை. அவரும் அசையவில்லை. ஒரு பறவை எங்களுக்கு மிகக் கிட்ட வந்து, சேற்றுக்குள் அலகைச் செருகி, எதையோ எடுத்து விழுங்கி, எங்களைப் பொருட்படுத்தாமல் நடந்து போனது.

பிறகு அவர் திரும்பி, வழக்கமான குரலில், "கமரா வானுக்கை கிடக்கு, ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வாரும்!" என்றார். அந்தச் சத்தத்துக்குப் பறவைகள் எல்லாம் எழும்பிப் போய்விட்டன.

அந்தக் குரலுக்கு முன்னால் இருந்த கொஞ்ச நேரத்தை நான் வைத்துக்கொள்கிறேன். சேற்றில் கையை ஊன்றிக் குந்தியிருந்த அந்த ஆளோடு எனக்குப் பகை இல்லை. மற்றக் குலேந்திரனை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.