தறி நடந்த பத்தாயிரம் அடி

வாட்சைத் தேர்ந்தெடுத்தவளே நான்தான். என் கணவருக்குச் சர்க்கரை ஏறிக்கொண்டே போக, தினமும் பத்தாயிரம் அடி நடக்காவிட்டால் இன்சுலின் ஊசிதான் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். சேலத்துக் கடையில் ஓட்டக்காரர்களுக்கான பெரிய வாட்சுகளை எடுத்து நீட்டினார்கள். மலை ஏறினால் உயரம் சொல்லுமாம், நீந்தினால் தூரம் சொல்லுமாம். இந்த மனுஷன் சங்ககிரி மலையை ஐம்பது வருஷமாகக் கீழே நின்றே பார்த்தவர். அடியும் நாடித்துடிப்பும் எண்ணினால் போதும் என்று சின்னதாக ஒன்றை வாங்கினேன்.

விடிந்ததும் நடக்கக் கிளம்புவார். நான் அடுப்படியில் நின்றபடி செல்போனில் அடிகள் ஏறுவதைப் பார்ப்பேன். ஒரு நாள்கூடக் குறையவில்லை. நாடித்துடிப்பு இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் வெறும் கோடு. கேட்டதற்கு, வேர்வையில் அப்படித்தான் காட்டும் என்றார். வார் தளர்வோ என்று நானே ஒரு துளை இறுக்கிக் கட்டி அனுப்பினேன். அத்தனை கெட்டிக்காரி நான். பூரித்துப்போய் ஞாயிற்றுக்கிழமைகளில் வெல்லப் பூரணம் வைத்து ஒப்புட்டுகூடச் சுட்டுக் கொடுத்தேன்.

மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் சர்க்கரை முன்னைவிடக் கூடியிருந்தது. உண்மையிலேயே நடக்கிறாரா என்று டாக்டர் கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் செல்போனை மேஜையில் வைத்து ஒவ்வொரு நாளாகத் தள்ளிக் காட்டினேன். அப்படியானால் நடையை நம்பிப் பயனில்லை என்று ஊசி எழுதிக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலை கரண்ட் போனது. வீட்டை ஒட்டிய கொட்டகையில் எங்கள் விசைத்தறிகள் நின்றன. செல்போனில் அடியும் நின்றது. எனக்குச் சுருக்கென்றது. போய்ப் பார்த்தேன். நெய்யும்போது முன்னும் பின்னும் ஆடுமே ஒரு பலகை, அதில் பாவு நூலால் வாட்சைக் கட்டியிருந்தது. அவர் நூல் மூட்டையில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். தறி ஓட்டும் அக்கா தலையைக் குனிந்துகொண்டார். ஆக, என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

"நீ போனைப் பாத்துப் பாத்துச் சந்தோசப்பட்ட. அதைக் கெடுக்க மனசு வரலை," என்றார்.

"நீங்க நல்லாயிருப்பீங்கன்னுதானுங்க சந்தோசப்பட்டேன்."

ஏமாற்றியதைக்கூட விட்டுவிடலாம். என்னையே பொய்ச்சாட்சி சொல்ல வைத்துவிட்டாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை. இன்றே டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிட்டு, நாளையிலிருந்து நானும் கூடவே நடக்கிறேன் என்றேன். மானம் போய்விடும் என்றார்.

"அந்த ஊசியே இருந்துட்டுப் போகுது. நீயே போட்டுடு," என்று சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினார்.