நான் வைத்த டிக்கும் காணாமல் போன முகூர்த்தமும்

கல்யாண மண்டபங்களுக்கு புக்கிங் சாஃப்ட்வேர் போட்டுக் கொடுப்பது அப்போது என் வேலை. கீழ்க்கட்டளையில் ஒரு மண்டபம். அதன் மேனேஜர் ஜேக்கப் அண்ணாவுக்குப் பொறுமையே கிடையாது.

"இன்னாம்மா இது, ஒரு தேதி சேவ் பண்றதுக்குள்ள பார்ட்டி எழுந்து பூடுவான் போல கீதே!"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. டிஸ்க் செட்டிங்கைத் திறந்து ஒரு டிக் வைத்தேன். அதன் பிறகு பட்டனைத் தட்டியதுமே 'பதிவாகிவிட்டது' என்று வந்தது. "சூப்பரும்மா!" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. "இனிமே புக்கிங் நோட்டு எதுக்குண்ணா? மூட்டை கட்டுங்க" என்று வேறு சொல்லிவைத்தேன்.

அந்த டிக் என்ன செய்யும்? டிஸ்க், கொடுத்ததை உடனே எழுதாது. கேஷ் என்ற தற்காலிக மெமரியில் வாங்கி வைத்துக்கொண்டு, எழுதிவிட்டதாகச் சொல்லிவிடும். கரண்ட் போனால் கேஷில் இருப்பது அழிந்துவிடும். பதிவுகளை வைத்திருக்கும் டேட்டாபேஸ் அதை நம்பாது. கேஷில் இருப்பதை எழுதி முடி என்று கட்டளை அனுப்பிக் காத்திருக்கும். அதுதான் ஃப்ளஷ். நான் வைத்த டிக், அந்தக் கட்டளையை டிஸ்குக்கே போகவிடாது. வேகம் வராமல் என்ன செய்யும்! பேட்டரி பாதுகாப்பு இல்லாவிட்டால் தொடாதே என்று பக்கத்திலேயே எழுதியிருந்தது. அதுதான் யூபிஎஸ் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். யூபிஎஸ் பேட்டரி எப்போதோ செத்திருந்தது எனக்குத் தெரியாது.

சில மாதத்தில் எனக்கே கல்யாணம் நிச்சயமானது. அதே மண்டபம். ஆவணி முகூர்த்தத்தை நானே உட்கார்ந்து பதிவு செய்தேன். 'பதிவாகிவிட்டது' வந்தது. அடுத்த நொடி கரண்ட் போனது.

"அதான் சேவ் ஆயிடுச்சே, நீ கெளம்பும்மா" என்றார் அண்ணா. கிளம்பிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து, மேடை அலங்காரம் பற்றிக் கேட்க அவருக்குப் போன் செய்தேன்.

"அய்யோ, அந்தத் தேதிய வேற பார்ட்டிக்குக் குடுத்துட்டேனேம்மா! கம்ப்யூட்டர்ல காலியாத்தான் காட்டுச்சு. நீதான நோட்ட மூட்ட கட்டச் சொன்னே? அவங்க பத்திரிகையே அடிச்சிட்டாங்க."

வருங்கால மாமியார் சேலையூரில் கணக்கு டீச்சர். விஷயம் தெரிந்தால் கல்யாணமே நின்றுவிடுமோ என்று பயம். ஆனது ஆகட்டும் என்று நேரில் போய், "தப்பு என்னோடதுதான் அத்தை" என்று ஒன்று விடாமல் சொன்னேன்.

அத்தை காலண்டரை எடுத்தார். "நாம இன்னும் பத்திரிகை அடிக்கல, தேதிய மாத்திக்கலாம். ஊரெல்லாம் பத்திரிகை குடுத்து முடிச்ச வேற பொண்ணோட தேதியா இருந்தா என்னம்மா பண்ணியிருப்பே?"

அழுதேவிட்டேன்.

மறுநாள் அத்தையும் மண்டபத்துக்கு வந்தார். இருந்த பதிவுகளுக்கெல்லாம் நகலாக ஒரு பேக்கப் எடுத்தேன். டிக்கை நீக்கினேன். அடுத்த முகூர்த்தத்தைப் பதிவு செய்து, 'பதிவாகிவிட்டது' வந்த கணமே பிளக்கைப் பிடுங்கினேன்.

"இன்னாம்மா பண்றே!" என்று அண்ணா அலறினார்.

பிளக்கை மாட்டி மெஷினைத் திரும்ப ஆன் செய்தேன். என் பெயர், மாப்பிள்ளை பெயர், தேதி எல்லாம் அப்படியே இருந்தன.

"பாத்தீங்களா அத்தை!" என்று குதித்தேன்.

அத்தை அசரவில்லை. "இன்னொரு வாட்டி புடுங்கு" என்றார்.

பிடுங்கினேன். இன்று வரை எங்கே டேட்டாபேஸ் போட்டாலும், ஒப்படைக்கும் முன் இரண்டு முறை பிடுங்கிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறேன்.