எட்மண்டனில் போர்த்திவிட்ட தேன்பெட்டி

குளிர்காலத்தில் புழுவும் பூச்சியும் எப்படிப் பிழைக்கின்றன என்று நேரில் பார்த்து எழுதவேண்டும் என்பது பல நாள் ஆசை. சனவரி இரண்டாம் சனிக்கிழமை புறப்பட்டேன். போகாமலே இருந்திருக்கலாம்.

லண்டன் கிங்ஸ்பரியில் காலை 9.10க்கு 183 பஸ். கோல்டர்ஸ் கிரீனில் இறங்கி 102 பிடித்தால் எட்மண்டன் கிரீனுக்கு நேரே போகும். ஒரு மணி நேரத்துக்குள் இரண்டாவது பஸ்ஸில் ஏறிவிட்டால் மொத்தமே 1 பவுண் 75 பென்ஸ். (ரயில் சீக்கிரம் போகும், எனக்கு மேல்தட்டில் முன்சீட் வேண்டும்.) 10.55க்கு இறங்கினேன். வெளியே மூன்று பாகை செல்சியஸ். மூன்று சுவெட்டருக்கு மேல் கோட் போட்டும் பல் தந்தியடித்தது.

அங்கிருந்து பன்னிரண்டு நிமிட நடையில், கவுன்சில் வாடகைக்கு விடும் தோட்டத் துண்டுகள். அதில் ஒன்று அன்ரன் அண்ணையுடையது. மன்னார்க்காரர். முதுகு போய் வேலையை விட்டபின் இரண்டு வருடம் அறையை விட்டு வெளியே வராமல் கிடந்தவர். பிறகு தேனீ வளர்க்க ஒரு தேன்பெட்டி வாங்கினார். அதைப் பார்ப்பதற்கென்றே தினமும் எழும்பிச் சவரம் செய்து புறப்படத் தொடங்கினார்.

"முதல்ல இதுகளைப் பாருங்கோ, தங்கச்சி" என்று கொட்டிலின் ஜன்னல் மூலையைக் காட்டினார். நாற்பது ஐம்பது சிவப்புப் புள்ளிவண்டுகள் ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தன. வெயில் வரும்வரை சாப்பாடு கிடையாது. பிறகு மண்ணைக் கொத்தினார். மேல்மண் உறைந்து கல்லாயிருந்தது. ஒரு முழம் கீழே மண்புழு மெல்ல நெளிந்தது. உறைபனி எட்டாத ஆழத்துக்கு அவை தாமாகவே இறங்கிவிடுமாம்.

அடுத்தது தேன்பெட்டி. தேனீக்கள் ராணியை நடுவில் வைத்து உருண்டையாகத் திரண்டு, உடலை நடுக்கிச் சூடு உண்டாக்கி, சேர்த்த தேனைத் தின்று பிழைக்கும். காதை வைத்தால் இரைச்சல் கேட்கும் என்றார். வைத்தேன். ஒன்றும் இல்லை. அவரும் வைத்தார். தட்டிவிட்டு மறுபடி வைத்தார்.

சுற்றியிருந்த போர்வையையும் பொலித்தீனையும் அவிழ்த்து மூடியைத் திறந்தார். உட்புறமெல்லாம் தண்ணீர் சொட்டியது. சட்டங்களின் நடுவில் பூஞ்சணம் பிடித்த ஒரு கரிய குவியல், எல்லாம் செத்த தேனீக்கள். தேன் அப்படியே மிச்சம் இருந்தது.

"நான்தான் போர்வையை வடிவா இறுக்கேல்லை. குளிர் உள்ளுக்குப் போயிட்டுது" என்றார். "நாளைக்கு நான் என்னத்துக்கு எழும்புறது, சொல்லுங்கோ?"

பெட்டியைக் கூட்டித் துப்புரவாக்க அவர் தும்புத்தடி எடுக்கக் கொட்டிலுக்குள் போனபோது, பக்கத்துத் துண்டில் தேனீ வளர்க்கும் துருக்கிப் பெண்மணி வேலியருகே வந்தார். வேலியோரம் இருந்த அவருடைய பெட்டியைச் சுற்றி ஒரு துணிகூட இல்லை. காதை வைத்தேன், உள்ளே இரைச்சல் இருந்தது. குளிர் தேனீயைக் கொல்லாது, ஈரம்தான் கொல்லும் என்றார். காற்றுப்போக வழியில்லாமல் அடைத்தால் அவற்றின் மூச்சே நீராகி அவற்றின் மேல் சொட்டுமாம். இப்படிச் சுற்றச் சொன்னது யார் என்று கேட்டார்.

சொன்னது நான். நவம்பரில் போனபோது, "பாவம் அண்ணை, குழந்தைப்பிள்ளையைப் போல போர்த்திவிடுங்கோ" என்றேன். அவர் யோசித்தார். நான் விடவில்லை. பொலித்தீன் சுருளையும் நானே வெம்பிளியில் வாங்கி அனுப்பினேன். அதைப் பெருமையாக இந்த வலைப்பூவில் பதிவும் போட்டேன். யாரும் கவனிக்காமல் விட்ட புழுவும் வண்டும் உயிரோடு இருக்கின்றன. நான் அக்கறைப்பட்டவைதான் செத்தன.

அண்ணை தேநீர் தந்தார். குடித்தேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. வெட்கம் கெட்டு 1.20 பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

போகிறவர்கள் காலையிலேயே போங்கள். நான்கு மணிக்கு இருட்டிவிடும். சேறு பட்டாலும் பரவாயில்லாத சப்பாத்துப் போடுங்கள். தேன்பெட்டி வைத்திருப்பவர்கள் காற்றுப்போகும் வழியை அடைக்காதீர்கள். நவம்பர்ப் பதிவை நீக்கிவிட்டேன். அதை நம்பி யாராவது பொலித்தீன் சுற்றியிருந்தால் இன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள்.

அன்ரன் அண்ணை என் பதிவுகளை ஒன்றுவிடாமல் வாசிப்பவர். மூன்று நாளாகத் தொலைபேசியை எடுக்கிறார் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். அண்ணை, பிழை என்னுடையது. நீங்கள் நன்றாக இறுக்கித்தான் கட்டியிருந்தீர்கள்.