ஜாக்கெட்டுக்குள் போன துவக்கு

மண்ணெண்ணெயில் தோய்த்த துணியால் புதுத் துவக்கின் கிரீஸைத் துடைத்தால் ஒரு வாசனை வரும். எத்தனை முறை சோப்புப் போட்டாலும் போகாது. சோறு பிசையும்போதும் விரலில் இருக்கும்...

டேனிஷ் நகரமான விபோர்க்கில் வேட்டைச் சாமான்கள் விற்கும் ஒரு கடை. அதன் பின்னறையில் நானும் மகேந்திரன் அண்ணையும் அந்த வேலைதான் செய்தோம். ஊரில் நான் ஆசிரியர், அவர் லொறி ஓட்டியவர். இங்கே இரண்டு பேரும் அகதிகள். கடைக்காரர் யோர்கன் அதிகம் பேசாதவர். ஆனால் கோப்பி ஊற்றினால் எங்களுக்கும் சேர்த்து ஊற்றுவார்.

அந்த வசந்தத்தில் ஒரு சின்னத் துவக்கைக் கேட்டுப் பலர் வந்தார்கள். உதாரணம் சொன்னால் விளங்கும்: மடக்குக் குடை இருக்கிறதல்லவா, அதுபோல இரண்டாக மடியும். மேலே ரைபிள் குழல், கீழே ஷொட்கன் குழல். பறவை என்றாலும் முயல் என்றாலும் ஒரே துவக்கு போதும். கிறீன்லாந்தில் ஆளில்லாத இடங்களில் வாரக்கணக்கில் திரிபவர்களுக்கு முதுகுப் பாரம்தான் பெரிய கவலை. சாப்பாடு தீர்ந்தால் இது காப்பாற்றும் என்பார்கள்.

கேட்டவர்கள் பலர், வந்தது ஒன்றே ஒன்று. பாறைகளை ஆராயப் போகும் ஒரு பெண்ணுக்கு அதை எடுத்துவைத்திருந்தார் யோர்கன். ஒருநாள் மத்தியானம் அந்தப் பெண் வாங்க வருவதாக இருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அண்ணையின் மனைவியும் கைக்குழந்தையும் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். அவர்களை இங்கே கூப்பிட விண்ணப்பம் போட்டிருந்தார். பதில் இல்லை. எங்கள் ஆட்கள் எவருக்கும் பதில் இல்லை. மந்திரியே விண்ணப்பங்களை முடக்கிவைத்தார் என்று வெளிவந்து, 'தமிழர் வழக்கு' என்று நாடே அதைப் பேசியது பிறகுதான். அப்போது எங்களுக்குக் காரணம் தெரியாது. பொலிஸில் பெயர் பதிந்தால் ஃபைலை மூடிவிடுவார்கள் என்று ஒரு கதை மட்டும் உலாவியது. அண்ணை சிவப்பு லைட்டில் ரோட்டைக் கடக்கக்கூட மாட்டார்.

அந்த மத்தியானம் பின்னறைக் கதவைத் திறந்துகொண்டு சீருடையோடு ஒரு பொலிஸ்காரர் வந்தார். நான் எழுந்து வணக்கம் சொன்னேன். திரும்பிப் பார்த்தால் அண்ணையின் கதிரை வெறுமை. மேசையும் வெறுமை. முற்றத்துக்குப் போகும் கதவு ஆடிக்கொண்டிருந்தது.

சூடான சட்டியில் கை பட்டால் யோசித்தா எடுக்கிறோம்? ஊரில் ஆமி ஜீப் சத்தம் கேட்டால், கையில் இருப்பதை ஒளித்துக்கொண்டு பின்பக்கத்தால் போய்விடுவோம். அது வெறும் ரேடியோ பற்றரியாக இருந்தாலும் சரி. அண்ணையின் கையில் அப்போது இருந்தது அந்தச் சின்னத் துவக்கு...

பொலிஸ்காரர் வந்தது தன் சொந்த வேட்டைத் துவக்கைத் திருத்தக் கொடுக்க. யோர்கன் அவருக்குக் கோப்பி ஊற்றினார். அதே நேரம் அந்தப் பெண்ணும் வந்துவிட்டார். "சின்னத் துவக்கு எங்கே?" என்று யோர்கன் என்னிடம் கேட்டார். கொண்டுவருகிறேன் என்று சொல்லி வெளியே போனேன்.

முற்றத்தில், சைக்கிள்களுக்குப் பின்னால் நின்றார் அண்ணை. ஜாக்கெட்டின் சிப் கழுத்துவரை. நல்ல வெயில், முகமெல்லாம் வியர்வை. வெளியே போக வழியில்லை. வாசலில் பொலிஸ் கார், அதற்குள் இன்னொரு பொலிஸ்காரர்.

"அண்ணை, அதைத் தாங்கோ."

"தொடாதேங்கோ மாஸ்டர். உங்கடை கைக்கு வந்தா உங்களுக்கும் கேஸ்."

"அவர் தன்ரை துவக்கைத் திருத்த வந்தவர். கோப்பி குடிக்கிறார்."

"அப்ப காருக்குள்ளை இருக்கிறவன்?"

"அவர் பாண் தின்னுறார், அண்ணை."

அவர் சிரிக்கவில்லை. "என்னைப் பிடிச்சாப் பரவாயில்லை. அவளின்ரை ஃபைலை மூடிப்போடுவாங்கள். பிள்ளை என்னைக் காணாமலே வளந்திடும்."

"கடைத் துவக்கோடை கடைக்குள்ளை நிண்டா அது வேலை. இஞ்ச நிண்டா களவு. வாங்கோ."

கண்ணை மூடித் திறந்தார். வந்தார்.

எல்லோர் முன்னாலும் சிப்பை இறக்கி, துவக்கை இரண்டு விரலால் எடுத்து மேசையில் வைத்தார். பிறகு, யாரும் சொல்லாமலே, இரண்டு கைகளையும் தோளுக்கு மேலே தூக்கினார்.

பொலிஸ்காரர் கோப்பையைக் கீழே வைத்தார்.

யோர்கன் அந்தக் கைகளைப் பார்த்தார். அப்புறம் முகத்தை. பிறகு ஒரு கோப்பையில் கோப்பி ஊற்றி, தூக்கியிருந்த கையில் கொடுத்தார். வாங்கிக்கொள்ள அண்ணையின் கைகள் இறங்கின.

"பார்த்தீர்களா?" என்றார் யோர்கன், அந்தப் பெண்ணிடம். "ஜாக்கெட்டுக்குள் இருந்தது வெளியே தெரியவேயில்லை. அதற்குத்தான் இவரைப் போட்டுக்கொண்டு நடக்கச் சொன்னேன்."

அந்தப் பெண் அண்ணையிடம் திரும்பினார். "குனிந்தால் குத்துகிறதா?"

நான் தமிழில் கேட்டேன். அண்ணை ஒரு மிடறு குடித்தார். "இடுப்பிலை கொஞ்சம் குத்துது எண்டு சொல்லுங்கோ, மாஸ்டர்."

பொலிஸ்காரர் அண்ணையை நெடுநேரம் பார்த்தார். பிறகு யோர்கனிடம் மெதுவாகச் சொன்னார்: "இனிமேல் கடைக்குள்ளேயே நடக்கச் சொல்."

அவர் நம்பினாரா என்று எனக்கு இன்றும் தெரியாது.

மனைவியும் மகளும் வந்து சேர நெடுங்காலம் பிடித்தது. கைக்குழந்தையாக விட்டுவந்த பிள்ளை விமான நிலையத்தில் நடந்து வந்தாள். அண்ணையைக் கண்டதும் தாயின் பின்னால் ஒளிந்தாள்.

இப்போது அவளுக்கு டோஸ்ட்ருப்பில் வீடு. போன மாதம் அங்கே சாப்பிடும்போது இந்தக் கதையைச் சொன்னேன். சைக்கிள் லைட் இல்லை என்று பொலிஸ் மறித்தால் நின்று வாதாடுகிற பிள்ளை அவள். விழுந்து விழுந்து சிரித்தாள். டேனிஷில் கேட்டாள்: "அப்பா, அந்த மனிதர் தன் துவக்கைத் திருத்தத்தானே வந்தார்? கையில் இருந்ததை மேசையிலேயே வைத்துவிட்டு இருந்திருக்கலாமே?"

அண்ணை அவளுடைய தட்டில் கறியை விட்டுக்கொண்டே சொன்னார்:

"அப்ப நீ இஞ்ச வரேல்லையே, பிள்ளை."