நூற்று முப்பது சதவீதம்

தி. நகரில் ஒரு பாத்திரக்கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. கம்பெனி என்றால் சில கம்ப்யூட்டர்கள், ஒரு ஏ.சி., அந்த ஏ.சி.க்கு நேர் எதிரே உட்காரச் சண்டை போடும் நானும் என்னோடு வேலை பார்த்த பையனும். தொண்ணூறுகளின் கடைசி வருடங்கள். எனக்கு அது முதல் வேலை. நான் அபிராமபுரத்திலிருந்து மொபெட்டில் வருவேன். அவன் சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருவான்.

ராயப்பேட்டையில் தோல் கைப்பைகள் செய்து ஏற்றுமதி பண்ணும் ஒரு பாய் எங்கள் வாடிக்கையாளர். கீழே பட்டறையும் ஆபீஸும், மாடியில் வீடு. புதுப் பைகளின் படங்கள் அவருக்கு வெளிநாட்டிலிருந்து இன்டர்நெட்டில் வரும். டெலிபோன் லைனில் மோடத்தை மாட்டித்தான் அவற்றை இறக்க வேண்டும். பெரிய படம் என்றால் அரை மணி நேரம்கூட ஆகும். அதற்காக நான் எழுதிக்கொடுத்த புரோகிராமில் ஒரே ஒரு பொத்தான்தான். அதை அழுத்திவிட்டால் படம் முழுதாக வந்து சேரும்வரை திரையில் எதுவும் அசையாது. பாய்க்கு அவ்வளவு பொறுமை கிடையாது. கம்ப்யூட்டர் செத்துவிட்டது என்று முடிவுகட்டி அணைத்துவிட்டு எங்களுக்குப் போன் போடுவார்.

"வருதா வரலையான்னு தெரியாம எவ்ளோ நேரம்மா அதும் மூஞ்சியவே பாத்துட்டு இருக்கிறது?"

நியாயமான கேள்விதான். நானும் என் பங்குக்கு ஹெல்ப் பக்கங்களைப் புரட்டினேன். கால்பேக் என்று ஒரு சங்கதி அதில் இருந்தது. எனக்குப் பாதிதான் புரிந்தது. சிந்தாதிரிப்பேட்டைக்காரன் எட்டிப் பார்த்துவிட்டு உடனே சொன்னான்.

"இதுல இன்னா கீது? ஓட்டல்ல பார்சல் சொல்லிட்டு, ஆச்சா ஆச்சான்னு போய்ப் போய்க் கேட்டுக்கினு இருப்போம்ல? அது வாணாம். பேரைக் குடுத்துட்டு உக்காந்துடு. ஆனவொடனே அவனே கூப்புடுவான்."

அவ்வளவுதான் விஷயம். ஃபைலில் ஒவ்வொரு துண்டு வந்து இறங்கும்போதும், இறக்கும் வேலையைச் செய்யும் பகுதி என் நிரலைக் கூப்பிட்டு, "இவ்வளவு வந்திருக்கிறது" என்று சொல்லும். நான் அதை முன்பு வந்ததோடு கூட்டி, மொத்த அளவால் வகுத்து, திரையில் ஒரு நீலப் பட்டையை நீட்டிவிட வேண்டும். பக்கத்தில் சதவீதத்தை எழுத வேண்டும். ஆபீஸில் சோதித்தபோது பட்டை மெல்ல மெல்ல நகர்ந்து கடைசி முனையைத் தொட்டது. நாங்கள் இருவரும் கைதட்டியதில் கீழே பாத்திரக்கடைக்காரர் அண்ணாந்து பார்த்தார்.

புது புரோகிராமைப் போட்டுவிட்டு வந்த மறுநாளே பாயிடமிருந்து போன்.

"ஏம்மா, நூத்தி முப்பது பர்சன்ட் வந்துருச்சே! முப்பது பர்சன்ட் ஃப்ரீயா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று மத்தியானமே மொபெட்டை எடுத்துக்கொண்டு ராயப்பேட்டைக்குப் போனேன். பாய் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு ஒரு படத்தை இறக்கச் சொன்னேன். பத்து, இருபது, முப்பது என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த பட்டை திடீரென்று நின்றது. மோடத்தின் விளக்கு அணைந்தது. கொஞ்ச நேரத்தில் அது தானாகவே மறுபடி டயல் செய்து, கிர்ரென்று கத்திவிட்டு, படத்தை முதலிலிருந்து இறக்கத் தொடங்கியது. பட்டையோ விட்ட இடத்திலிருந்து மேலே ஏறியது. லைன் அறுந்தால் கணக்கைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை!

அது சரி, லைன் ஏன் அறுந்தது? நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மாடிப்படியில் ஒரு குரல் இறங்கி வந்தது.

"என்னங்க இது, ரிசீவரை எடுத்தாலே காதுல பேய் கத்துது!"

பாயின் மனைவி. மேலேயும் அதே லைனில் இன்னொரு போன் இருந்தது. தங்கையோடு பேச அதை எடுத்திருக்கிறார்.

"படம் வந்துட்டிருக்கும்போது எடுக்காதேன்னு சொன்னேன்ல?" என்றார் பாய்.

"வருதுன்னு மேல இருக்கிற எனக்கு எப்படித் தெரியும்? உங்களுக்கு மட்டும் இந்தப் பொண்ணு கோடு போட்டுக் காட்டுது. எனக்கு?"

பாய் என்னைப் பார்த்தார். நான் அந்த அம்மாவைப் பார்த்தேன். "மணி அடிச்சா கேக்குமா ஆன்ட்டி?" என்று கேட்டேன்.

"நல்லாக் கேக்கும். ஆரம்பிக்கும்போது ஒண்ணு, முடிஞ்சா ஒண்ணு அடிக்கச் சொல்லு."

அங்கேயே உட்கார்ந்து கணக்கைச் சரிசெய்து, இரண்டு மணிகளையும் சேர்த்தேன். இறக்கும் பகுதியிடமிருந்து என் நிரலுக்கு, இறக்கம் தொடங்கும்போது ஒரு அழைப்பு, முடியும்போது ஒரு அழைப்பு ஏற்கெனவே வந்துகொண்டுதான் இருந்தன. நான்தான் அவற்றைச் சட்டை செய்யாமல் இருந்தேன். பாய் ஸ்பீக்கரைத் தூக்கி மாடிப்படி ஓரமாக வைத்தார்.

அந்த அம்மா மேலே போனதும் மறுபடி பொத்தானை அழுத்தினோம். மணி அடித்தது. "கேட்டுச்சு!" என்று மேலே இருந்து பதில் வந்தது. இந்த முறை பட்டை நிற்கவில்லை. தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்து, பட்டறை ஆட்களும் கதவருகே வந்து கூடிவிட்டார்கள். கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி பாய் உரக்க வாசித்தார். எழுபது. எண்பது. தொண்ணூறில் கொஞ்சம் தயங்கியது. நூறைத் தொட்டதும் இரண்டாவது மணி அடித்தது. அந்த அம்மாவும் போன் பேசப் போகாமல் படம் பார்க்கவே இறங்கி வந்தார்.

படம் திறந்தது. பை தலைகீழாக நின்றது. அனுப்பியவர் அப்படியே அனுப்பியிருந்தார். எல்லோரும் ஒரே சமயத்தில் கழுத்தைச் சாய்த்தோம்.

"கைப்பிடி கீழ வெச்சா சாமான் எல்லாம் கொட்டிராது?" என்றார் அந்த அம்மா.

பட்டறையே சிரித்தது. நான் மவுஸை எடுத்து இரண்டு சொடுக்கில் பையை நிமிர்த்திக் காட்டினேன். "அடடே!" என்றார் பாய். மற்றதற்கெல்லாம் சும்மா தலையாட்டியவர், இதற்குத்தான் என்னை வாயாரப் புகழ்ந்தார்.