ஆமிப் பச்சையில் ஒரு ஜக்கெற்

மகளுக்குத் தை மாதம் பிள்ளை பிறக்கும் என்று கனடாவிலிருந்து செய்தி வந்த அன்றே, நானும் மனைவியும் போவதென்று முடிவாகிவிட்டது. மனைவி போவதற்குக் காரணம் இருந்தது. பத்தியக் கறி வைக்க வேண்டும், பிள்ளையைக் குளிப்பாட்ட வேண்டும். நான் எதற்கு என்று ஒருவரும் சொல்லவில்லை. ரிக்கெற் மட்டும் இரண்டு வந்தது. அறுபத்திரண்டு வயதில்தான் முதல்முறையாகக் குளிரைப் பற்றி யோசித்தேன். கோப்பாயில் மார்கழிப் பனிக்குத் தலையில் ஒரு துவாயைச் சுற்றினால் போதும். அதற்கு மேற்பட்ட குளிர் எனக்கு அறிமுகமில்லை.

மகள் தொலைபேசியில் வெருட்டினாள். "அப்பா, மற்றதெல்லாம் இஞ்சை வாங்கலாம். ஆனா எயாப்போட்டாலை வெளியிலை வரேக்கையே ஒரு நல்ல ஜக்கெற் போட்டிருக்க வேணும். காருக்கு நடக்கிற தூரத்திலையே விறைச்சுப் போவியள்."

நல்ல ஜக்கெற் என்றால் என்ன என்று கேட்டேன். அவள் சொல்லச் சொல்லப் பென்சிலால் எழுதினேன். உள்ளே கழற்றிப் பூட்டக்கூடிய தடித்த உட்துணி. சிப்புக்கு மேலே காற்றுப் புகாமல் ஒரு மடிப்பு. இடுப்பில் இழுத்துக் கட்டக் கயிறு. மணிக்கட்டைப் பிடிக்கும் கைமுனை. கழுத்து உயரம். எனக்கு இப்படியான பட்டியல்கள் பிடிக்கும். முப்பது வருடம் படவரைஞனாக இருந்தவன் நான். கோடு ஒரு மயிரிழை விலகினாலும் சோறு இறங்காது. இதை ஒரு வருத்தம் என்றும், இதற்கு மருந்து இல்லை என்றும் மனைவி சொல்வாள்.

வெளிநாடு போகிறவர்களுக்கென்றே நெல்லியடியில் ஒரு கடை இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். மனைவிக்கு அன்று விரதம், வரவில்லை. கடைக்காரர் மூன்று ஜக்கெற்றுகளை எடுத்து மேசையில் போட்டார். முதலாவது கறுப்பு, ஊதிப் பெருத்தது. அதைப் போட்டுக் கைகளை இறக்கினால் கைகள் இறங்கவில்லை. இரண்டாவது நீலம். அதன் முதுகுத் தையல் ஓரிடத்தில் வளைந்து, பிறகு தான் செய்த பிழையை உணர்ந்ததுபோல் திரும்பி நேராகியிருந்தது. அதை நான் தொடக்கூட விரும்பவில்லை.

மூன்றாவது பச்சை. கடைக்காரர் அதை 'ஒலிவ்' என்றார். எங்கள் ஊரில் அதற்கு, ஆமிக்காரர் உடுப்பின் நிறம் என்பதால், ஆமிப் பச்சை என்று பெயர்.

அதை வேண்டாமென்று தள்ளிவிடத்தான் கையை நீட்டினேன். நீட்டிய கை துணியில் பட்டது. தடித்த, நெருங்க நெய்த பருத்தி. நான்கு பைகள். ஒவ்வொரு பைக்கும் மூடி, ஒவ்வொரு மூடியின் மூலையிலும் இரட்டைத் தையல். இடமும் வலமும் அளந்து வைத்தது போன்ற ஒழுங்கு. சிப்பு பித்தளை. அதன் மேல் மடிப்பு, மடிப்புக்கு அமத்தினால் பூட்டிக்கொள்ளும் தெறிகள். மகள் சொன்ன ஒவ்வொன்றும் இருந்தது. உள்ளே புரட்டிப் பார்த்தேன், ஒரு நூல்கூடத் தொங்கவில்லை. இதைத் தைத்தவள் யாரோ, அவளுக்கு என்னுடைய அதே வருத்தம் இருந்திருக்க வேண்டும்.

"போட்டுப் பாருங்கோ ஐயா. வெள்ளைக்காரங்கள் இதைத்தான் விரும்பிப் போடுறாங்கள்" என்றார் கடைக்காரர்.

போட்டேன். தோளில் சரியாக உட்கார்ந்தது. மின்விசிறிக்குக் கீழே வியர்வை வழிய வழியக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றேன். நிமிர்ந்து பார்த்தேன். எதிரே பச்சை உடுப்போடு ஒரு ஆள் நிற்கக் கண்டதும் என் வலது கை தானாகச் சட்டைப் பையைத் தேடிப் போனது. அடையாள அட்டை எடுக்க.

கடைக்காரர் பார்த்துவிட்டார். அவருக்கும் ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். மற்ற இரண்டையும் மடித்து வைக்கத் தொடங்கினார். எனக்கு வெட்கமாகவும் சிரிப்பாகவும் இருந்தது. என்னிடம் நானே அட்டை காட்டப் போயிருக்கிறேன். இந்த மாதிரி ஒரு நேரத்தில் புத்தியுள்ள மனிதன் என்ன செய்வான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் செய்தது அந்த ஜக்கெற்றை வாங்கியது.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் மனைவியின் ஞாபகம் வந்தது. அதாவது, மனைவியின் அண்ணையின் ஞாபகம்.

எங்கள் கல்யாணத்துக்கு முன்பு நடந்தது அது. பச்சை உடுப்புப் போட்டவர்கள் வாகனத்தில் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. எந்தப் பச்சை என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அந்த நாட்களில் ஆமி, இந்தியன் ஆமி, இயக்கங்கள் என்று எங்களுக்குப் பல பச்சைகள் இருந்தன. மனைவி சொன்னதுமில்லை, நான் கேட்டதுமில்லை. அண்ணைக்கு என்று ஒரு படம் சுவரில் இருக்கிறது. அதற்கு அவள் மாலை போட விடமாட்டாள். இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த கதை. இப்படிப்பட்டவளுக்குப் பக்கத்தில், ஒரு குளிர்காலம் முழுவதும், இந்தப் பச்சையைப் போட்டுக்கொண்டு நான் நடக்கப் போகிறேனா? தையல் நேராக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக? பஸ் கோப்பாய்ச் சந்திக்கு வந்தபோது இறங்க மனமில்லாமல் இறங்கினேன்.

மனைவி பையைத் திறந்து ஜக்கெற்றை எடுத்தாள். நான் கதவோரம் நின்றேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன், அழுவாள் என்றும் நினைத்தேன். அவள் சிப்பை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தாள். ஒவ்வொரு தெறியையும் அமத்தி, கழற்றி, திரும்ப அமத்தினாள். ஜக்கெற்றின் கைக்குள் தன் கையை விட்டு மறு நுனிவரை கொண்டுபோனாள்.

"வடிவாத் தைச்சிருக்கு" என்றாள். கறி அடிப்பிடிக்கிறது என்று குசினிக்குள் போய்விட்டாள்.

அவள் மௌனமாக இருந்தால் நான் பயப்படுவேன். பாராட்டினால் இன்னும் பயப்படுவேன். இது இரண்டுமாக இருந்தது. எனக்குத் தலை கால் புரியவில்லை.

அடுத்த நாள் காலை ஜக்கெற் முற்றத்துக் கொடியில் காய்ந்தது. கடை மணம் போகட்டும் என்று அவளே போட்டிருக்கிறாள். பத்திரிகை இரவல் வாங்க வந்த பக்கத்து வளவுக்காரர் படலையைத் திறந்தவர், கொடியைக் கண்டதும் ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்தபடி நின்றுவிட்டார்.

"ஆர் வந்திருக்கினம்?" என்று மெல்லக் கேட்டார்.

"ஒருத்தருமில்லை. உது என்ரை."

"உங்கடையோ? உங்களுக்கென்ன விசரே? உதைப் போட்டுக்கொண்டு எயாப்போட்டுக்குப் போனா மறிச்சுப் போடுவாங்கள். சிவில் ஆக்கள் உது போடக்கூடாது, சட்டம் கிடக்கு. பேந்து உங்களை விட்டுட்டு அவ தனியத்தான் பிளேன் ஏற வேணும்."

அவர் பத்திரிகையை மறந்து போய்விட்டார். எனக்குப் புதுக் குழப்பம் பிடித்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், உள்ளுக்குள் ஒரு ஆறுதலும் இருந்தது. சட்டம் தடுத்தால் நல்லது. நான் முடிவெடுக்க வேண்டியதில்லை, மனைவியின் வாயைப் பிடுங்கவும் வேண்டியதில்லை.

சட்டத்தை யாரிடம் கேட்பது? பிரதான வீதியில் ஒரு ஆமி முகாம் வாசலருகே தேநீர்க் கடை இருக்கிறது. சீருடைக்காரர்களே தேநீர் ஊற்றிக் கொடுப்பார்கள். இத்தனை வருடமாக நான் அங்கே வாய் நனைத்ததில்லை. ஜக்கெற்றை ஒரு சீமெந்துப் பையில் சுற்றி, சைக்கிள் கரியரில் வைத்துக்கொண்டு போனேன். வாசலுக்கு இருபது யார் முன்னால் என் கால் தானாகவே சைக்கிளை விட்டு இறங்கியது. இறங்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அந்தச் சோதனைச்சாவடியை எடுத்து எவ்வளவோ காலமாகிறது. உருட்டிக்கொண்டே போனேன்.

அங்கே நரைத்த மீசையோடு ஒரு படைக்காரர் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார். என் வயதுக்குச் சற்றுக் குறைவு. தேநீருக்குச் சொல்லிவிட்டுப் பையைப் பிரித்தேன். கடத்தல் சாமான் பிரிப்பது போலத்தான் இருந்தது.

"இது போடலாமா? சட்டப்படி?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து தூக்கிப் பார்த்தார். கொச்சைத் தமிழில் சொன்னார்: "பிரச்சினை இல்லை ஐயா. புள்ளி புள்ளி உடுப்புத்தான் கூடாது. இது சும்மா பச்சை." பிறகு கையை உள்ளே விட்டார். முகம் மாறியது. "மிச்சம் நல்லம்! எங்களுக்குக் குடுக்கிறது இப்பிடி இல்லை. மலைப் பக்கம் நான் நின்டது, சரியான குளிர்." என்னைக் கேட்காமலே சீருடைக்கு மேல் அதைப் போட்டுக்கொண்டு, கைகளை அகட்டி, மற்றவர்களுக்குக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். எங்கே வாங்கினது என்று கேட்டார். நெல்லியடி என்றேன். சொல்லும்போது என் குரலில் ஒரு பெருமை ஏறியது. நான் தேர்ந்தெடுத்த ஜக்கெற்றை, ஜக்கெற் தெரிந்த ஒருவர் மெச்சுகிறார். அந்த ஒரு நிமிடம் எனக்கு வேறொன்றும் ஞாபகமில்லை. தேநீருக்கு அவர் காசு வாங்கவில்லை.

திரும்பி வரும் வழியில் என் மீது எனக்குக் கடும் கோபம் வந்தது. நீ யாரிடம் போய்ச் சான்றிதழ் வாங்கினாய்? பிறகு அந்தக் கோபமும் நியாயமாகத் தெரியவில்லை. நல்ல மனிதர். குளிரில் நின்றிருக்கிறார். அவர் போட்டிருந்த பச்சைதான் அண்ணையைக் கொண்டுபோன பச்சை என்று நான் எப்படிச் சொல்வது? இல்லை என்றுதான் எப்படிச் சொல்வது? வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் மனைவியிடம் ஒப்புவித்தேன். அவர் போட்டுப் பார்த்ததையும் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம்.

அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "சூடாக் கிடக்காமோ?"

"ஓம். நல்ல சூடாம்."

தலையை ஆட்டிவிட்டு வெங்காயம் உரிக்கத் தொடங்கினாள்.

என்னால் தாங்க முடியவில்லை. இரண்டு நாள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு திரிந்தேன். அவள் ஜக்கெற்றை அலுமாரியில் வைத்தாள், எடுத்தாள், மடித்தாள், திரும்பத் தூக்கினாள். இரண்டு தடவை அதைத் தன் மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்ததைக் கண்டேன். தன் துக்கத்தை எனக்காக விழுங்குகிறாள் என்று முடிவு செய்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் ஜக்கெற்றைப் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டேன். அந்த ஊதிப் பெருத்த கறுப்பையே வாங்கிவிடுவது. கை இறங்காவிட்டால் போகட்டும்.

"எங்கை கொண்டு போறியள்?" படலையடிக்கே வந்துவிட்டாள்.

"மாத்த. கறுப்பு ஒண்டு கிடந்தது."

"அது இதிலும் சூடோ?"

"தெரியாது. ஆனா இந்த நிறம்... நீர் நெடுகப் பாத்துக்கொண்டிருக்க வேணுமெல்லோ. அண்ணையின்ரை விசயம் எனக்குத் தெரியாததே?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. நான் வேறு யாரோ ஒருவரைப் பற்றிப் பேசுகிறேன் என்பது போலப் பார்த்தாள்.

"நிறமோ? நிறத்தை ஆர் கண்டது?" என்றாள். "அண்ணை கிணத்தடியிலை குளிச்சுக்கொண்டு நிண்டவர். மழைக் குளிர். ஈரச் சாரத்தோடை ஏத்தினவங்கள், மேலிலை ஒண்டுமில்லை. நடுங்கிக்கொண்டு நிண்டவர். ஒரு சேட்டுக் குடுக்க விடுங்கோ எண்டு அம்மா கும்பிட்டவ. ஓம், கெதியாக் கொண்டு வா எண்டு ஒருத்தன் சொன்னவன். நான்தான் ஓடினனான். கையிலை அம்பிட்ட சேட்டிலை ரண்டு தெறி இல்லை. குளிருமே எண்டு அதை எறிஞ்சுபோட்டு, நல்லதாப் பாத்து எடுப்பம் எண்டு அலுமாரியைக் கிண்டிக்கொண்டு நிண்டனான். எடுத்துக்கொண்டு வாறதுக்குள்ளை வாகனம் போயிட்டுது."

முப்பது வருடம் ஒன்றாக வாழ்ந்திருக்கிறோம். இதை அவள் ஒருநாளும் எனக்குச் சொன்னதில்லை. அவள் பையைப் பறித்து ஜக்கெற்றை எடுத்து என் முன்னால் விரித்துப் பிடித்தாள்.

"போடுங்கோ."

"இஞ்சை, இந்த வெய்யிலுக்கையோ?"

"போடுங்கோ எண்டிறன்."

போட்டேன். சிப்பைக் கழுத்துவரை இழுத்தாள். தெறிகளைக் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக அமத்தினாள். கழுத்துப் பட்டியை நிமிர்த்தினாள். அவள் கண் என் முகத்துக்கு வரவேயில்லை, நெஞ்சோடு நின்றுவிட்டது. அவள் யாருக்குப் பூட்டுகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது. வியர்வை முதுகால் ஓடியது. அவள் கழற்றச் சொல்லும்வரை நான் அப்படியே நின்றேன்.